‘அங்கெல்லாம் குப்பையே இருக்காதா மிஸ்?’

கேள்வி:

ஐயா, வண்ணாரப்பேட்டையில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் 11 வருடமாகச் சமூக அறிவியல் நடத்துகிறேன். ஒன்பதாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் என் பொறுப்பு. சென்ற ஆண்டு ‘வகுப்பறையில் உலகப் பார்வை’ என்று ஒரு மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்ததும் எச்.எம். அதை என் தலையிலேயே கட்டிவிட்டார். நானும் ஆசையாக ‘உலக தினம்’ நடத்தினேன். பத்து நாட்டுக் கொடிகள், தெர்மாகோலில் ஈபிள் கோபுரம், பிள்ளைகளுக்கு வேஷம், ஸ்மார்ட் போர்டில் வீடியோ என்று எல்லாம் செய்தோம். எல்லோரும் பாராட்டினார்கள். ஆனால் சிங்கப்பூர் வீடியோ ஓடும்போது ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, “அங்கெல்லாம் குப்பையே இருக்காதா மிஸ்?” என்று கேட்டாள். பக்கத்தில் இருந்த பையன், “நம்ம ஊரு எப்பவும் இப்படித்தான்” என்றான். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. “எல்லாம் நம்ம கையிலதான் இருக்கு” என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

நான் வெளிநாடு போனதில்லை. பாஸ்போர்ட்கூடக் கிடையாது. ஆங்கிலம் படித்தால் புரியும், பேச வராது. வகுப்பில் 48 பேர், 40 நிமிட பீரியட், போர்ஷன் முடிக்க வேண்டும். ஸ்டாஃப் ரூமில் “உனக்கு எதுக்கு இந்த வேலை?” என்கிறார்கள். இதில் நான் வளர வேண்டுமென்றால் எங்கே தொடங்குவது? ஏதாவது கோர்ஸ் படிக்கட்டுமா? வெளிநாட்டுத் திட்டங்களுக்கு விண்ணப்பிக்கலாமா?

— பெயர் வேண்டாம், சென்னை-21

பதில்:

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதத்தில் ‘எனக்குச் சிரிப்பு வரவில்லை’ என்ற வரியை இரண்டு முறை படித்தேன். விழா நன்றாக நடந்தது, பாராட்டு வந்தது, அத்தோடு விட்டிருக்கலாம். நீங்கள் விடவில்லை. அந்தப் பெண்ணின் கேள்வி ஒரு வருடமாக உங்களுக்குள் கிடந்து உறுத்துகிறது. எங்கே தொடங்குவது என்று கேட்கிறீர்கள். அந்த உறுத்தலில்தான் தொடங்க வேண்டும்.

அவள் கேட்டதற்கு நேர்மையான பதில் ஒன்று உண்டு. சிங்கப்பூரிலும் குப்பை இருக்கிறது. எரிக்கக்கூடியதை உலைகளில் எரித்து, மிஞ்சும் சாம்பலைப் படகில் ஏற்றிக் கடலுக்குள் கொண்டுபோய், செமகாவ் தீவை ஒட்டித் தடுப்புச் சுவர் எழுப்பி உண்டாக்கிய இடத்தில் கொட்டுகிறார்கள். 1999 முதல் இது நடக்கிறது. 2035 வாக்கில் அந்த இடமும் நிரம்பிவிடும் என்பது அவர்கள் போட்டிருக்கும் கணக்கு. ஆக, வீடியோவில் தெரிந்த சுத்தமான தெருவுக்குப் பின்னால் ஓர் உலை இருக்கிறது, ஒரு படகு இருக்கிறது, நிரம்பிக்கொண்டிருக்கும் ஒரு குழி இருக்கிறது. தெருவைப் பெருக்கும் மனிதர்களும் இருக்கிறார்கள். வீடியோ எடுத்தவர்கள் அதையெல்லாம் காட்டவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு ஊரையும் சொல்கிறேன். தென்கொரியாவின் சியோல் நகரத்தில் நான்ஜிடோ என்று ஓர் இடம். 1978 முதல் 1993 வரை ஊரின் குப்பையெல்லாம் அங்கேதான் கொட்டப்பட்டது. அது மலையாக எழுந்தது. அந்த மலையடியிலேயே குடிசை போட்டுக் குப்பை பொறுக்கிப் பிழைத்த குடும்பங்கள் இருந்தன. 2002இல் அதே இடம் பூங்காவாகத் திறக்கப்பட்டது. இதைக் கேட்டால் உங்கள் பிள்ளைகளுக்குக் கொடுங்கையூர்க் குப்பைமேடு நினைவுக்கு வராமல் இருக்காது. வண்ணாரப்பேட்டைக்கும் கொடுங்கையூருக்கும் எவ்வளவு தூரம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே பழைய குப்பையைக் கிளறித் தரம் பிரித்து அகற்றும் வேலை, எரிஉலை வேண்டுமா கூடாதா என்ற வாதம் எல்லாம் பிள்ளைகளின் காதில் விழுந்துகொண்டே இருக்கும் சங்கதிகள். சிங்கப்பூர் ஏன் எரிக்கிறது, சியோல் ஏன் பூங்கா ஆக்கியது, அந்தக் குடிசைக்காரர்கள் எங்கே போனார்கள், நமக்கு எது ஒத்துவரும் என்று அந்தப் பெண் யோசித்திருந்தால், ‘நம்ம ஊரு எப்பவும் இப்படித்தான்’ என்ற பேச்சுக்கு அங்கே இடம் இருந்திருக்காது. சியோலும் ஒரு காலத்தில் ‘இப்படித்தான்’ இருந்தது.

உலக தினத்தில் என்ன தவறு என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கொடி, கோபுரம், வேஷம் இவை எல்லாம் பிள்ளையை வேடிக்கை பார்க்க வைக்கும். வேடிக்கை பார்க்கிற பிள்ளை இரண்டில் ஒன்றைத்தான் செய்யும். பெரிய நாட்டைப் பார்த்து வாய் பிளக்கும், ஏழை நாட்டைப் பார்த்து உச்சுக் கொட்டும். இரண்டிலும் கேள்வி கேட்க இடமில்லை. பிள்ளையின் சொந்தத் தெருவில் தொடங்கி, ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு வெளியே போய், அந்த நூலோடேயே தெருவுக்குத் திரும்பி வரும் பாடம்தான் நிற்கும் என்பது என் அனுபவம். இதை நான் அடிபட்டுத்தான் கற்றேன்.

1997 என்று ஞாபகம். வடசென்னையில் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு ஆப்பிரிக்கக் கண்டம் நடத்திக்கொண்டிருந்தேன். வறட்சி, பட்டினி, காடு, விலங்கு என்று ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டு போனேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். அவன் அப்பா கப்பலில் வேலை செய்பவர். “சார், எங்கப்பா டர்பன்ல இறங்கினாராம். பெரிய பெரிய கட்டடமாம். ஒரு கடை போர்டுல நாயுடுன்னு போட்டிருந்துச்சாம். அங்க எப்படி சார் நாயுடு?” என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. “உட்காரு, பாடத்தைக் கவனி” என்றேன். அவன் உட்கார்ந்துவிட்டான். அந்த வருடம் முழுக்க அவன் வேறு எதுவும் கேட்கவில்லை.

அந்த மௌனம்தான் என்னை எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கு விரட்டியது. அங்கே தேடிக் கண்டுபிடித்தேன். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ என்ற கப்பல் புறப்பட்டு, நவம்பர் 16 அன்று டர்பனில் போய் நின்றது. அதில் இருந்தவர்கள் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன நம் மக்கள். அவர்களுக்குப் பின் ஆயிரக்கணக்கானோர் போனார்கள். இன்றும் டர்பனில் நாயுடு, கவுண்டர், முதலி, பிள்ளை எல்லாம் சற்றே உருமாறிய எழுத்துக்கூட்டோடு குடும்பப் பெயர்களாக இருக்கின்றன. அந்தப் பையனின் கேள்வியில் ஒரு கண்டத்தின் வரலாறே இருந்தது. என் பாடக்குறிப்பில் அது இல்லை. ‘எனக்குத் தெரியலடா, சேர்ந்து தேடலாம்’ என்று சொல்ல எனக்கு அப்போது வாய் வரவில்லை. ஆசிரியராக நான் வளர்ந்தேன் என்று ஒரு நாளைக் குறித்துச் சொல்லச் சொன்னால், அந்த வாக்கியத்தை ஒரு வகுப்பின் முன் முதல்முறையாகச் சொன்ன நாளைத்தான் சொல்வேன். அது நடக்க மேலும் இரண்டு வருடம் ஆயிற்று.

இப்போது உங்கள் போர்ஷனுக்கு வருவோம். உலகப் பார்வைக்கென்று தனி பீரியட் தேடாதீர்கள், கிடைக்காது. நடத்தியே ஆக வேண்டிய பாடத்துக்குள் ஒரு கதவு இருக்கும், அதைத் திறந்தால் போதும். பத்தாம் வகுப்பு வரலாற்றில் முதல் பாடமே முதல் உலகப் போர். சரயேவோ, கூட்டணிகள், வெர்சே உடன்படிக்கை என்று பிள்ளைகள் உருப்போடுகிறார்கள். அந்தப் போர் உங்கள் பள்ளிக்கு நடந்து போகும் தூரத்தில் வந்து குண்டு போட்டுவிட்டுப் போயிருக்கிறது.

நான் நடத்திப் பார்த்த விதத்தைச் சொல்கிறேன். உள்ளே போனதும், “வீட்டில யாரையாவது ‘சரியான எம்டன்’னு திட்டிக் கேட்டிருக்கீங்களா?” என்று கேட்டேன். ஏழெட்டுக் கை எழுந்தது. ஒருவன், “எங்க தாத்தா எங்க பாட்டிய சொல்லுவாரு சார்” என்றான். எம்டன் என்றால் என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. பிறகு கதையைச் சொன்னேன். 1914 செப்டம்பர் 22, இரவு. எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் விளக்கை அணைத்துக்கொண்டு சென்னைத் துறைமுகத்தை நெருங்கி, சில நிமிடங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. ஊரில் ஆயிரக்கணக்கானோர் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். உயர் நீதிமன்ற மதிலில் குண்டு விழுந்த இடத்தில் இன்றும் ஒரு கல்வெட்டு இருக்கிறது.

கரும்பலகையில் நடுவே துறைமுகத்தை ஒரு வட்டமாகப் போட்டேன். கப்பல் யாருடையது? ஜெர்மனி. எங்கிருந்து கிளம்பியது? சீனக் கரையில் ஜெர்மனி பிடித்து வைத்திருந்த சிங்தாவோ. எரிந்த எண்ணெய் எந்த ஊருடையது? பர்மா. துறைமுகம் யார் கையில் இருந்தது? ஆங்கிலேயர் கையில். கடைசியில் அந்தக் கப்பலை வீழ்த்தியது யார்? அதே வருடம் நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளுக்கு அருகே ‘சிட்னி’ என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல். ஒவ்வொரு பதிலுக்கும் வட்டத்திலிருந்து ஒரு கோடு. ஐந்து கோடு போட்டதும் பலகையே உலகப் படம் மாதிரி ஆகிவிட்டது. அப்போது முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி கேட்டாள்: “ஜெர்மன்காரங்களுக்கு நம்ம மேல என்ன சார் கோவம்?”

அந்தக் கேள்விக்காகத்தான் அந்த 40 நிமிடமும். நம் மேல் அவர்களுக்குக் கோபம் இல்லை. நம்மை ஆண்டவர்கள் மேல் கோபம். அப்படியானால் நம் துறைமுகத்தில் ஏன் குண்டு விழுந்தது? நம் ஆட்கள் 10 லட்சத்துக்கும் மேல் ஏன் கடல் கடந்து அந்தப் போருக்குப் போனார்கள்? பர்மா மண்ணிலிருந்து எடுத்த எண்ணெய் யாருடைய சொத்து? ஏகாதிபத்தியம் என்ற சொல்லை நான் எழுதிப் போடும் முன்பே அவர்கள் அதைத் தொட்டுவிட்டார்கள்.

விடுதலைப் போராட்ட வீரர் செண்பகராமன் அந்தக் கப்பலில் வந்தார் என்று வகுப்பில் யாராவது நிச்சயம் சொல்வார்கள். மறுக்க வேண்டாம், தலையாட்டவும் வேண்டாம். “எதை வைத்துச் சொல்கிறார்கள், தேடிப் பார்த்துச் சொல்லு” என்று அனுப்புங்கள். செவிவழியாகச் சுற்றும் கதைக்கும் சான்று உள்ள செய்திக்கும் வித்தியாசம் தெரிவது இந்தப் பாடத்தின் பாதி.

இன்னொன்று. பர்மா என்று எழுதியதுமே உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை, “எங்க ஆயா ரங்கூன்ல பொறந்தாங்க” என்று சொல்ல வாய்ப்பு அதிகம். 1962இல் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, கடையையும் வீட்டையும் விட்டுவிட்டுக் கப்பலேறி வந்த குடும்பங்கள் வடசென்னை முழுக்க இருக்கின்றன. பர்மா பஜார் பக்கம் சாயங்காலம் அத்தோ பிசைந்து தரும் தள்ளுவண்டிகள் அவர்கள் கொண்டுவந்தவை. முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர் போட்டு நூடுல்ஸைக் கையாலேயே பிசைந்து, வாழைத்தண்டு சூப்போடு கொடுப்பார்கள். பிள்ளைகள் தின்றிருப்பார்கள். அதன் பின்னால் ஓர் இடப்பெயர்வு இருப்பது தெரிந்திருக்காது. அந்த ஆயாவை வகுப்புக்கு அழைத்து அரை மணி நேரம் பேசச் சொல்லுங்கள். எந்தத் தெர்மாகோல் கோபுரமும் அதற்கு ஈடாகாது. ஆனால் முந்தின நாளே அவர் வீட்டுக்குப் போய், எதைப் பேச விருப்பம், எதைப் பேச விருப்பமில்லை என்று கேட்டுக்கொள்ளுங்கள். எல்லா நினைவும் பிள்ளைகள் முன்னால் திறப்பதற்கு உரியதல்ல.

ஆங்கிலம் பேச வராது என்கிறீர்கள். வேறு நாட்டு வகுப்போடு பழக ஆங்கிலம்தான் வேண்டும் என்று அந்தப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள் போலும். நம் மொழி நான்கைந்து நாடுகளில் பள்ளிக்கூட மொழி. மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவை ஆரம்பப் பள்ளிகள் என்பதால் உங்கள் வகுப்புக்குப் பொருந்தாது. ஆறாம் வகுப்பு எடுப்பவரிடம் சொல்லுங்கள். உங்களுக்கு இலங்கைதான் தோது. அங்கே மேல்வகுப்பு வரை தமிழ்வழியில் படிக்கிறார்கள். நேர வித்தியாசமும் இல்லை.

இலங்கையின் கல்வி வெளியீட்டுத் திணைக்களம் பாடநூல்களைத் தமிழிலும் இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. இந்த வாரமே வரலாற்றுப் புத்தகத்தை இறக்கி, சோழர் வரும் பக்கத்தைப் படியுங்கள். ராஜராஜனும் ராஜேந்திரனும் ஈழம் வென்றதை நம் பிள்ளைகள் ஏழாம் வகுப்பிலேயே பெருமையாகப் படிக்கிறார்கள். அந்தக் கரையில் அதே செய்தி அனுராதபுரத்தின் வீழ்ச்சி. 1070இல் முதலாம் விஜயபாகு சோழரை விரட்டியதுதான் அவர்களுக்கு வெற்றி. இரண்டு பக்கத்தையும் அருகருகே வைத்து, “எந்தச் சொல் மாறியிருக்கு? யாரை ஹீரோவா வச்சு எழுதியிருக்காங்க? எதை விட்டுட்டாங்க?” என்று கேளுங்கள். நான் இதைச் செய்தபோது ஒரு பையன் கோபப்பட்டான். படட்டும். நம் வெற்றி இன்னொருவருக்கு என்னவாக இருந்தது என்று ஒரு நிமிடம் நின்று பார்ப்பது பதினான்கு வயதில் சுலபமல்ல, நமக்கே சுலபமல்ல. அந்தப் புத்தகத்தில் எட்டாம் வகுப்பு ‘தரம் 8’ ஆகவும், அங்கே எச்.எம். ‘அதிபர்’ ஆகவும் இருப்பது பிள்ளைகளுக்கு வேடிக்கையாக இருக்கும். ஒரே மொழிக்குள்ளும் வேறு ஒரு வாழ்க்கை இருப்பதை அது தொட்டுக் காட்டும்.

அங்கே ஓர் ஆசிரியர் பழக்கமானால் வகுப்புக்கு வகுப்பு கடிதம் போடலாம், குரல் பதிவு அனுப்பலாம். எச்.எம். அனுமதியும் பெற்றோர் ஒப்புதலும் எழுத்தில் இருக்கட்டும். பிள்ளைகளின் போன் நம்பர், போட்டோ, வீட்டு முகவரி எதுவும் போகக் கூடாது, எல்லாம் ஆசிரியர் வழியாகவே நடக்கட்டும். அங்கே போரைக் கண்ட குடும்பங்கள் உண்டு. அதைப் பற்றி நம் பிள்ளைகளாகக் கிளற வேண்டாம், அவர்கள் சொன்னால் கேட்கலாம்.

கோர்ஸ், வெளிநாட்டுத் திட்டம் இரண்டையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சான்றிதழுக்காக ஆன்லைன் கோர்ஸ் சேர்வதில் எனக்கு நம்பிக்கை குறைவு. நான் பார்த்தவரை, பத்துச் சான்றிதழ் வைத்திருப்பவர் வகுப்பும் கொடி நடுவதோடுதான் நிற்கிறது. வெளிநாடு போய்ப் படிக்கும் வாய்ப்பு வந்தால் விடாதீர்கள். ஜப்பான் அரசு பிற நாட்டு ஆசிரியர்களுக்கு ஒன்றரை ஆண்டுப் பயிற்சி உதவித்தொகை தருகிறது. குறைந்தது ஐந்து ஆண்டு அனுபவமும் 35 வயதுக்கு உட்பட்டிருப்பதும் அதற்கு நிபந்தனை. சென்னையில் அவர்களின் துணைத் தூதரகம் இருக்கிறது, அறிவிப்பு எப்போது வரும் என்று அங்கே கேளுங்கள். ஃபுல்பிரைட் திட்டத்திலும் பள்ளி ஆசிரியர்களுக்கென்று பிரிவுகள் நடந்திருக்கின்றன. அந்தந்த ஆண்டு எது திறந்திருக்கிறது என்று பார்த்து விண்ணப்பிக்க வேண்டும். எதற்கும் முதலில் பாஸ்போர்ட் எடுத்து வையுங்கள். இந்த விண்ணப்பங்களில் ‘உங்கள் வகுப்பில் என்ன செய்தீர்கள்?’ என்று கேட்பார்கள். எம்டன் பாடமும் அந்த ஆயாவும்தான் அப்போது உங்களுக்குக் கைகொடுக்கும்.

ஆங்கிலத்துக்கும் ஒரு வழி சொல்கிறேன். பொதுவாக ஸ்போக்கன் இங்கிலீஷ் என்று அலையாமல், நடத்தப்போகும் பாடத்தைப் பற்றி வாரம் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் படித்து, அதை ஐந்து நிமிடம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் ஒரு சனிக்கிழமை செலவழித்தால் ஒரு பருவத்துக்கு வேண்டியது கிடைக்கும்.

ஒரு நோட்டும் போடுங்கள். அதில் நீங்கள் நடத்தியதை எழுத வேண்டாம், பிள்ளைகள் கேட்டதை மட்டும் தேதியோடு எழுதுங்கள். பதில் தெரியாதவற்றின் பக்கத்தில் ஒரு புள்ளி. பருவத்துக்கு ஒரு புள்ளியை எடுத்து, ஒரே ஒரு பாடமாக்குங்கள். வருடத்துக்கு மூன்று. 48 பேரையும் போர்ஷனையும் வைத்துக்கொண்டு அதற்கு மேல் முடியாது, முயலவும் வேண்டாம். ஸ்டாஃப் ரூமைப் பொறுத்தவரை, விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். தமிழ் எடுப்பவரோ அறிவியல் எடுப்பவரோ ஒருவரை மட்டும் “என் கிளாஸ்ல பின்னாடி உட்கார்ந்து பாருங்க, எங்க சொதப்புறேன்னு சொல்லுங்க” என்று கூப்பிடுங்கள். வந்து உட்கார்ந்தவர் அப்புறம் உங்களைக் கேலி செய்ய மாட்டார்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அந்தப் பெண் இப்போது பத்தாம் வகுப்பில், உங்களிடமேதான் இருப்பாள். கூப்பிட்டு, “போன வருஷம் குப்பையைப் பத்திக் கேட்டியே, அன்னைக்கு நான் சொன்னது பதிலே இல்ல. இப்ப கொஞ்சம் தேடி வச்சிருக்கேன், மீதியை நீ தேடுறியா?” என்று கேளுங்கள். அந்தப் பையனையும் கூட உட்கார வையுங்கள். வகுப்பில் சிங்கப்பூரில் சித்தப்பாவோ மாமாவோ வேலை செய்யும் பிள்ளை ஒன்றாவது இருக்கும். அவர் இருக்கும் தெருவின் குப்பை விடிகாலையில் எங்கே போகிறது, யார் எடுக்கிறார்கள் என்று அவரிடம் வாட்ஸ்அப்பில் கேட்டு வரச் சொல்லுங்கள். அதே கேள்வியை வண்ணாரப்பேட்டையில் உங்கள் தெருவுக்குக் குப்பை எடுக்க வரும் அக்காவிடமும் இவர்கள் இருவரும் போய்க் கேட்கட்டும். இரண்டு பேரும் சொன்னதைப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் போடுங்கள். பிறகு அந்தப் பையன் என்ன சொன்னான் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.